கணிக்கப்படாததும் கணிக்க முடியாததும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஆங்கிலத்தில் ‘அன்பிரிடிக்டபிள்’ என்று ஒரு பெயரடை உண்டு. மழையைப் பற்றியும் மனிதரைப் பற்றியும், சந்தை விலையைப் பற்றியும் சண்டிக் குதிரையைப் பற்றியும் ஆங்கிலேயர் இச்சொல்லைத் தயக்கமின்றி வழங்குகின்றனர். இன்னது இன்னபடி நடக்கும் என்று முன்னதாகச் சொல்ல இயலாத எதுவும் அன்பிரிடிக்டபிள்தான். நம்மில் பலருக்குப் பள்ளி நாட்களிலேயே அறிமுகமான சொல் இது. அதனாலேயே அதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிறோம். இதே சொல்லைச் சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மாணவனுக்கு விளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் அதன் உள்ளே எத்தனை அறைகள் இருக்கின்றன என்பது தெரிய வருகிறது.

சீனம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம்மைப் போலவே சீனரும் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பவர்கள். ஆனால் அவர்களுடைய எழுத்து வேறு, இலக்கணத்தின் போக்கு வேறு. வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நம் சொற்கள் உருமாறுவதுபோல் சீனச் சொற்கள் உருமாறுவதில்லை. ஆகவே, நாம் ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போகும் இடத்தில் அவர்கள் நின்று விடுகிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் நாமும் சற்று நின்று பார்த்தால் நமக்கும் ஆதாயம் உண்டு. எனக்குச் சீனம் பேச வராது. அகராதியின் வழியே எழுத்தெழுத்தாக நடந்து சென்றவள் நான். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். அன், பிரி, டிக்ட், ஏபிள் என நான்கு துண்டுகள். ‘அன்’ என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. மற்ற மூன்றும் இலத்தீனிலிருந்து வந்தவை. ‘பிரி’ என்றால் முன். ‘டிக்ட்’ என்றால் சொல்லுதல். ‘ஏபிள்’ என்றால் இயலும். நம் ஆசிரியர் வகுப்பில் தரும் டிக்டேஷனிலும், நாம் புரட்டும் டிக்ஷனரியிலும் இருப்பது இதே ‘டிக்ட்’தான். எல்லாவற்றையும் கூட்டினால், ‘முன் சொல்ல இயலாத’ என்று ஆகிறது.

இதற்கு நேராகச் சீன அகராதி தரும் தொடர் ‘பு கே யூ த்ஸே’. அதிலும் நான்கு துண்டுகள், நான்கு எழுத்துகள். ‘பு’ இல்லை, ‘கே’ இயலும், ‘யூ’ முன், ‘த்ஸே’ அளத்தல். சீனர் முதலில் ‘இயலாது’ என்று அறிவித்துவிட்டு, என்ன இயலாது என்பதைப் பின்னர் சொல்கிறார்கள். தமிழில் நாம் ‘முன் கணிக்க இயலாத’ என்கிறோம். முன், கணித்தல், இயலுதல், இன்மை என்று செயலை முதலில் வைத்து, மறுப்பைக் கடைசி வரை கையில் வைத்திருக்கிறோம். சீனரின் இரண்டு பாதிகளை இடம் மாற்றி வைத்தது போன்ற அமைப்பு. ஆங்கிலமோ இரண்டு வழியிலும் செல்லவில்லை. மறுப்பைத் தலையிலும் இயலுதலை வாலிலும் வைத்து, செயலை நடுவில் பூட்டி விட்டது. சீன மாணவன் ஆங்கிலம் எழுதும்போது தலையில் உள்ள ‘அன்’னைப் பிடித்துக்கொள்வதில் சிரமம் இல்லை, அவனுடைய ‘பு’ இருக்கும் இடமும் அதுதான். வாலில் உள்ள ‘ஏபிள்’தான் தொல்லை தருவது. இந்த வாலைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இப்போது நடுப்பகுதிக்கு வருவோம். ஆங்கிலம் ‘சொல்ல இயலாத’ என்கிறது. சீனம் ‘அளக்க இயலாத’ என்கிறது. இது சிறிய வேறுபாடன்று. ‘த்ஸே’ என்ற எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று சிறு கீற்றுகள் இருக்கும். சீன எழுத்தில் அவை தண்ணீரின் அடையாளம். ஆறு, ஏரி, கடல், கண்ணீர் முதலிய எழுத்துகளிலும் அதே மூன்று கீற்றுகளைக் காணலாம். அளப்பதற்கும் தண்ணீருக்கும் என்ன உறவு? ‘த்ஸே’ என்பதன் பழம்பொருள் நீரின் ஆழத்தை அளந்து பார்த்தல் என்பதாகும். ஓடக்காரன் கழியை விட்டுப் பார்க்கிறானே, அந்த வேலை! இன்று வெப்பத்தை அளப்பதற்கும், நிலத்தை அளப்பதற்கும், மாணவரைத் தேர்வு வைத்து அளப்பதற்கும் அதே எழுத்துதான். ஆனால் தண்ணீர் இன்னும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளத்தில் உள்ளதை வெளிக்காட்டாத ஒருவரைச் சீனர் ‘ஷென் பு கே த்ஸே’ என்பர். ஆழம் அளக்க இயலாதவர் என்பது பொருள். நாமும் ‘என்னை ஆழம் பார்க்கிறாயா?’ என்று கேட்பவர்கள்தாமே! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வீட்டில் பெரியவர்கள் எச்சரிக்காத நாள் உண்டா? ‘முன் சொல்ல இயலாத’ என்ற ஆங்கிலத்தைவிட, இந்த ஓடக்காரனின் கழி தமிழனுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

அப்படியானால் ‘முன் சொல்லுதல்’ என்று சீனத்தில் சொல்லே இல்லையா என்றால், இருக்கிறது. ‘யூ யென்’ என்பது அது. ‘யூ’ முன், ‘யென்’ சொல். ஆங்கில ‘பிரிடிக்ட்’டைத் துண்டுக்குத் துண்டு பெயர்த்தால் கிடைப்பது இதுவே. ஆனால் வழக்கில் அதற்குத் தீர்க்கதரிசனம் என்ற மணம் மிகுதி. ஒரு சீன மாணவன் துண்டுகளை நம்பி மொழிபெயர்த்தால், பௌதிகப் புத்தகத்தில் வரும் ‘இக்கோட்பாடு முன்கூட்டிச் சொல்வதாவது’ என்ற வாக்கியம் ‘இக்கோட்பாடு குறி சொல்வதாவது’ என்கிற சாயலைப் பெற்றுவிடும். ஆங்கிலத்தில் சோதிடனும் பிரிடிக்ட் செய்கிறான், விஞ்ஞானியும் பிரிடிக்ட் செய்கிறான். சீனத்தில் முன்னவன் சொல்கிறான், பின்னவன் அளக்கிறான்.

குறி சொல்வதில் சீனருக்கு உள்ள பழமையைக் கூறாமல் இதைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. இன்று கிடைக்கும் சீன எழுத்துகளுள் மிகப் பழைய பெருந்தொகுதியே குறி கேட்ட எலும்புகள்தாம். ஹெனான் மாநிலத்தில் ஆன்யாங் நகருக்கு அருகில், ஷாங் வம்சத்தாரின் தலைநகர் இருந்த இடத்தில் அவை தோண்டி எடுக்கப்பட்டன. 1899-ஆம் ஆண்டில்தான் அவற்றில் இருப்பது எழுத்து என்று அறிஞர் உலகம் உணர்ந்தது. மாட்டின் தோள் எலும்பிலோ ஆமையின் வயிற்றோட்டிலோ குழி செய்து, அங்கே சூடு வைப்பார்கள். எலும்பு ‘படக்’கென்று விரியும். அந்த விரிசலின் வடிவமே ‘பூ’ என்ற எழுத்து. குறி கேட்டல் என்பது அதன் பொருள். அந்த விரிசலுக்குக் கீழே ஒரு வாயை வரைந்தால் ‘ஜான்’ என்ற எழுத்து கிடைக்கும். குறியைப் பார்த்துப் பலன் சொல்லுதல் என்பது பொருள். பார்த்தீர்களா, ‘முன் சொல்லுதல்’ என்ற இலத்தீன் கருத்தை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனரும் வாயை வரைந்தே எழுதியிருக்கிறார்கள்.

இந்த எலும்புகளில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கேட்ட கேள்வி, அரசன் சொன்ன பலன் ஆகியவற்றோடு, பிறகு நடந்தது என்ன என்பதையும் சிலவற்றில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் வூ டிங் என்ற அரசன், தன் அரசியருள் ஒருத்தியான ஃபூ ஹாவின் பிள்ளைப்பேறு நலமாக முடியுமா என்று குறி கேட்டான். ‘டிங்’ என்னும் நாளில் பிறந்தால் நன்று, ‘கெங்’ என்னும் நாளில் பிறந்தால் மிக நன்று என்று அவனே பலனும் கூறினான். முப்பத்தொரு நாட்கள் கழித்து, அவன் சொன்ன இரண்டும் அல்லாத வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. நன்றாக முடியவில்லை, பிறந்தது பெண் என்று எழுதி வைத்தார்கள்! இந்த ஃபூ ஹாவோ படை நடத்திப் போர் செய்த அரசி. அவளுடைய கல்லறை 1976-இல் கொள்ளை போகாத நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அவளைப் போன்றவளைப் பெற்ற நாட்டார், பெண் பிறந்ததை ‘நன்றன்று’ என்று எலும்பில் வெட்டியிருக்கிறார்கள். என் வகுப்புத் தோழியர் இதைக் கேட்டுவிட்டு, எலும்பில் வெட்டாமலே அதைச் சொல்பவர்கள் இன்றும் உண்டே என்றனர். அது இருக்கட்டும். சொன்னதையும் நடந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்கும் வழக்கம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் வழக்கம் அல்லவா?

ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்புவோம். ‘பிரிடிக்ட்’ என்ற வினை ஆங்கிலத்தில் முன்பே வழங்கியிருந்தாலும், ‘அன்பிரிடிக்டபிள்’ என்ற பெயரடை 19-ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது. ஏன் இவ்வளவு தாமதம்? என் ஊகம் இதுதான். நியூட்டனுக்குப் பிறகு வானத்தில் நடப்பவை கணக்குக்குக் கட்டுப்பட்டன. எட்மண்ட் ஹாலி ஒரு வால்மீன் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டு 1742-இல் மறைந்தார். அது 1758-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கண்ணில் பட்டது. 1846-இல் லெவெரியே காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் கோள் அகப்பட்டது. எல்லாமே சொல்லமுடியாதவையாக இருந்த காலத்தில், ஒன்றை மட்டும் ‘சொல்லமுடியாதது’ என்று தனியே குறிக்கத் தேவை ஏது? சொல்லக்கூடியவை பெருகிய பிறகுதான், அந்தப் பந்தியில் இடம் கிடைக்காதவற்றுக்கு ஒரு பெயர் வேண்டியதாயிற்று.

இனி வழக்கு. இங்கேதான் சீன மாணவன் மிகவும் திண்டாடுவான். ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கும் இடங்களில் சீனம் ஆளுக்கு ஆள் வேறு சொல் கேட்கிறது. வானிலையா? ‘பியென் ஹுவான் மோ த்ஸே’ என்பர். மாறி மாறித் தோன்றி அளவுக்குள் அகப்படாதது. இதில் வியப்பும் கொஞ்சம் கலந்திருக்கும், மலையுச்சி மேகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல. கதையில் எதிர்பாராத திருப்பமா? ‘சூ ரென் யீ லியாவ்’. மனிதர் எண்ணத்துக்கு வெளியே சென்றது. இது பெரும்பாலும் பாராட்டு. ஆங்கிலத்திலும் ஒரு திரைப்படத்தைப் ‘பிரிடிக்டபிள்’ என்றால் வசை; ஒரு பேருந்தைப் பிரிடிக்டபிள் என்றால் புகழ்ச்சி. இது வேடிக்கைதான். ஆனால் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வைத்துத்தான் அந்தச் சொல் இனிக்கிறதா கசக்கிறதா என்று முடிவு செய்யவேண்டும். அகராதி இதைச் சொல்லித் தருவதில்லை.

மனிதரின் குணத்தைப் பற்றியதானால் சீனத்தில் ‘ஃபான் ஃபு வூ சாங்’ என்று ஒரு தொடர் உண்டு. புரண்டு புரண்டு நிலையில்லாமல் இருப்பது. இது கடுமையான வசை. காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்று இருப்பவனைச் சொல்வது. ஆங்கிலேயன் தன் நண்பனை ‘அன்பிரிடிக்டபிள்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அதைச் சீனன் இந்தத் தொடரால் பெயர்த்துக்கொண்டால் நட்பு முறிந்தது என்று நினைப்பான்.

இத்தொடரில் உள்ள ‘வூ சாங்’ என்ற இரு எழுத்துகளுக்கு நம் நாட்டோடு உறவு உண்டு. ‘வூ’ இல்லை, ‘சாங்’ நிலையானது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘அநித்தியம்’ என்ற வடசொல்லுக்கு அமைத்த சொல் இது. நாம் நிலையாமை என்போம். துறவிகளின் ஏட்டில் இருந்த அச்சொல் சீன மக்கள் வாய்க்குப் போனபோது உருவமும் எடுத்துக்கொண்டது. இறக்கும் தறுவாயில் உயிரைக் கொண்டுபோக வரும் இரண்டு தூதர்களுக்குச் சீன நாட்டுப்புறத்தில் கறுப்பு வூ சாங், வெள்ளை வூ சாங் என்று பெயர். உயரமான தொப்பியும் தொங்கும் நாக்குமாக அவர்களைக் கோயில்களில் காணலாம். எமதூதனுக்கு ‘நிலையாமை’ என்று பெயர் வைத்தவர்களின் நகைச்சுவையை என்னவென்பது! ஆங்கிலத்தின் அன்பிரிடிக்டபிள் இவ்வளவு தூரம் பயணம் செய்யவில்லை.

‘பு த்ஸே’ என்று இரண்டு எழுத்துகளை மட்டும் தனியே எடுத்தால் இன்னொரு விந்தை. நேர்ப்பொருள் ‘அளக்கப்படாதது’ என்பதுதான். ஆனால் ஒருவருக்குப் ‘பு த்ஸே’ நேர்ந்தது என்றால், அவர் விபத்தில் சிக்கினார், பெரும்பாலும் இறந்தார் என்று கொள்ளவேண்டும். வானத்துக்கு அளவிலடங்காத காற்றும் மேகமும் உண்டு என்று தொடங்கும் சீனப் பழமொழியிலும் இந்தப் பு த்ஸேதான் இருக்கிறது. மனிதருக்கு ஒரு காலைக்கும் மாலைக்கும் இடையே கேடும் நலமும் மாறும் என்று அது முடியும். முன்னறியாதது என்றாலே கெட்டது என்று கொள்ளும் இப்போக்கு சீனருக்கு மட்டும் உரியதன்று. நம் செய்தித்தாள்களில், ‘அசம்பாவிதம் எதுவும் நடைபெறவில்லை’ என்று படிக்கிறோம். சம்பாவிதம் என்றால் நிகழக்கூடியது. அசம்பாவிதம் என்றால் நிகழுமென்று எதிர்பார்க்கத் தகாதது. அவ்வளவுதான் அதன் வேர்ப்பொருள். ஆனால் எதிர்பாராமல் பரிசு விழுந்தால் அதை அசம்பாவிதம் என்று எவரேனும் சொல்வார்களா?

எதிர்பாராதது வேறு, முன்கூட்டிச் சொல்ல இயலாதது வேறு என்பதையும் இங்கே பிரித்துக்கொள்வது நல்லது. தீபாவளியன்று சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி எதிர்பாராதவர். அது நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு. எந்நாளும் எந்நேரம் வருவார் என்று தெரியாத விருந்தாளிதான் அன்பிரிடிக்டபிள். அது அவருடைய இயல்பைப் பற்றிய பேச்சு. சாவு வரும் என்பதை எதிர்பாராதவர் இல்லை. அது வரும் நாளைத்தான் முன் சொல்ல இயலாது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்-பிரி-டிக்-ட-பிள் என்று ஐந்து அசை, அழுத்தம் மூன்றாவதில். பொதுச் சீன மொழியில் ஓர் அசை, உயிரிலோ மூக்கொலியிலோ, சில இடங்களில் ரகரத்திலோ முடியும். ‘க்ட்’ என்று இரண்டு வல்லெழுத்து நெருங்கி நிற்பது அவர்கள் நாவுக்குப் பழக்கமில்லை. நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடத் தோன்றும். ‘ப்ரி’யைப் ‘பிரி’ ஆக்கும் நமக்கு அவர்களைக் கேலி செய்யும் உரிமை கிடையாது.

இனி வாலுக்கு வருவோம். ‘அன்பிரிடிக்டபிள்’ என்பதற்கும் ‘அன்பிரிடிக்டட்’ என்பதற்கும் இடையே உள்ளது ஒரு விகுதி வேறுபாடுதான். முன்னது கணிக்க முடியாதது, பின்னது கணிக்கப்படாதது. தமிழில் ‘முடியாத’, ‘படாத’ என்ற இரு சொற்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைக்கின்றன. சீனத்தில் முதலாவதற்குப் ‘பு கே’. இரண்டாவதற்கு ‘வெய்’ என்ற எழுத்து உதவும். ‘வெய்’ என்றால் ‘இன்னும் இல்லை’ என்று பொருள். எதிர்காலத்துக்குச் சீனர் வைத்த பெயரே ‘வெய் லாய்’, அதாவது இன்னும் வராதது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் இலக்கணம் என்று எண்ணுபவர்கள் சீன நாட்டின் நிலநடுக்க வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

1966-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹெபெய் மாநிலத்தின் சிங்தாய் பகுதியில் அடுத்தடுத்து நிலம் நடுங்கி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரதமர் சூ என்லாய் நேரில் சென்று பார்த்தார். நிலநடுக்கத்தை முன்னறியும் வழியைக் காணவேண்டும் என்று அறிவியலாளரைப் பணித்தார். நாடெங்கும் நிலையங்கள் எழுந்தன. கிணற்று நீரின் மட்டத்தையும் நிறத்தையும், பாம்பும் கோழியும் நடந்துகொள்ளும் விதத்தையும் சாதாரண மக்களே கவனித்துக் குறித்து வந்தனர். 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று அதற்குப் பலன் கிடைத்தது. வடகிழக்கில் லியாவ்னிங் மாநிலத்து ஹைச்செங் வட்டாரத்தில் சில நாட்களாகவே சிறுசிறு அதிர்வுகள் ஐந்நூறுக்கும் மேல் பதிவாகியிருந்தன. அன்று காலை முதல் மக்களை வீட்டை விட்டு வெளியேற்றும் வேலை தொடங்கிற்று. கடுங்குளிர்காலம்! வெளியே வர மறுத்தவர்களைத் திறந்த வெளியில் திரைப்படம் காட்டி வரவழைத்த ஊர்களும் உண்டு என்பர். மாலை 7 மணி 36 நிமிடத்துக்கு 7.3 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. குடிசைகளில் பற்றிய தீயிலும் குளிரிலும் மாண்டவர்களையும் சேர்த்து இறந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். வெளியேறாதிருந்தால் பன்மடங்கு ஆகியிருக்கும். நிலநடுக்கம் இனிப் பு கே யூ த்ஸே அன்று என்று உலகமே பேசிற்று.

அடுத்த ஆண்டு ஜூலை 28. ஹெபெய் மாநிலத்தில் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த தாங்ஷான் நகரம் அதிகாலை 3 மணி 42 நிமிடத்துக்குச் சரிந்தது. அளவு 7.8. முன்னோடியாக வரும் சிறு அதிர்வுகள் ஹைச்செங்கில் வந்ததுபோல் இங்கே வரவில்லை. நகரத்துக்கு எந்த அறிவிப்பும் செய்யப்படவில்லை. உறக்கத்திலேயே மக்கள் புதைந்தனர். அரசு பின்னாளில் வெளியிட்ட கணக்கு, இறந்தவர் இரண்டு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேல் என்கிறது.

தாங்ஷான் நிலநடுக்கம் எது? கணிக்க முடியாததா, கணிக்கப்படாததா? அக்கேள்விக்கு ஒரு விகுதி அளவுதான் நீளம்; ஆனால் ஒரு நகரமே அதன்மேல் நிற்கிறது. ‘முடியாதது’ என்றால் யாரையும் கேட்பதற்கில்லை. பூமியின் இயல்பு அது. ‘படாதது’ என்றால் கணிக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவர் கணிக்கவில்லை என்று ஆகிறது. குடும்பத்தை இழந்தவன் எந்தச் சொல்லைக் கேட்டு ஆறுவான்? அதே மாநிலத்தில், தாங்ஷானிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், சிங்லுங் என்றொரு வட்டம் இருக்கிறது. ஜூலை நடுவில் தாங்ஷானிலேயே நடந்த ஒரு கூட்டத்துக்குச் சென்று வந்த வட்ட அலுவலர், ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு தொடக்கத்துக்குள் அப்பக்கத்தில் நடுக்கம் வரக்கூடும் என்று நிலநடுக்கத் துறையார் ஒருவர் பேசியதைக் கேட்டுவந்து கூறினார். வட்டத் தலைமை அதை நம்பி மக்களைத் தயார்ப்படுத்திற்று. அங்கும் பல்லாயிரம் கட்டடங்கள் சேதமுற்றன. இடிபாட்டில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை என்று பதிவு கூறுகிறது. இதைக் காட்டி, ‘முடியும், செய்யவில்லை’ என்பவர்கள் உண்டு. அதே போன்ற ஊகங்கள் அந்த ஆண்டுகளில் பல இடங்களில் செய்யப்பட்டுப் பொய்த்தும் போயின, ஒன்று பலித்ததை மட்டும் எடுத்துக் காட்டுவது முறையன்று என்பவர்களும் உண்டு. எலும்பில் பலனையும் நடந்ததையும் சேர்த்துப் பொறித்தார்களே, அதன் அருமை இங்கே புரிகிறது. பொய்த்தவற்றையும் எண்ணினால் அல்லவா பலித்ததன் மதிப்புத் தெரியும்?

1997-இல் ராபர்ட் கெல்லர் முதலிய நால்வர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிலநடுக்கங்களை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே அதன் தலைப்பு. ‘சொல்லவில்லை’ அன்று, ‘முடியாது’! பூமியின் ஓட்டில் ஒரு சிறு முறிவு அங்கேயே நின்றுவிடுமா, ஓடிப் பெருகிப் பெரும்பிளவாகுமா என்பது கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத நுண்ணிய நிலைமைகளைப் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். விதிக்குக் கட்டுப்பட்டது எல்லாம் கணக்குக்கும் கட்டுப்படும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1961-இல் எட்வர்ட் லொரென்ஸ் வானிலைக் கணக்கொன்றைக் கணிப்பொறியில் மறுபடி ஓட்டியபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிப் போட்டார். சிறிது தூரம் வரை இரண்டு விடைகளும் ஒட்டிச் சென்றன. பிறகு ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் பிரிந்தன. சமன்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஓடக்காரனின் கழி எவ்வளவு நீளமாயினும் போதாத ஆழமும் உண்டு போலும். நிலநடுக்கம் அவ்வகைதானா என்பதில் அறிவியலாரிடையே இன்னும் வாதம் முடியவில்லை. என்னைக் கேட்டால், தாங்ஷானைப் பற்றிப் பேசும்போது ‘கணிக்கப்படாத’ என்று எழுதுவதே நேர்மை. அது நடந்ததைச் சொல்கிறது. ‘முடியாத’ என்பது இன்னும் தீராத வழக்கில் தீர்ப்பு எழுதுவது.

2008-ஆம் ஆண்டு மே 12 அன்று சிச்சுவான் மாநிலத்தில் வென்ச்சுவான் நிலநடுக்கம் ஏற்பட்டு அறுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்து, சுமார் பதினெட்டாயிரம் பேர் காணாமற் போனபோதும் அதே கேள்வி எழுந்தது. ஏன் ‘யூ பாவ்’ செய்யவில்லை என்று மக்கள் கேட்டனர். ‘யூ பாவ்’ என்றால் முன் அறிவித்தல்; வானொலியில் வரும் வானிலை அறிக்கைக்கும் இதே சொல்தான். தினமும் மாலையில் மழைக்கு யூ பாவ் கேட்டுப் பழகிய செவிகள் நிலநடுக்கத்துக்கும் அதையே எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்ததன் விளைவு அது.

அதன் பிறகு சீனத்தில் வேறொரு சொல் முன்னுக்கு வந்தது. ‘யூ ஜிங்’, அதாவது முன் எச்சரித்தல். இது அளப்பதுமன்று, சொல்வதுமன்று. நிலநடுக்கம் தொடங்கிய பிறகு செய்வது! நடுக்கம் எழும் இடத்திலிருந்து இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதல் அலை நிலத்தோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும். அது அவ்வளவாகச் சேதம் செய்யாது. கட்டடங்களை வீழ்த்தும் இரண்டாம் அலை 3.5 கிலோமீட்டர்தான் செல்லும். முதல் அலையைப் பிடித்த கருவி மின்னலை வழியே செய்தி அனுப்பினால், அது இரண்டாம் அலையை முந்திக்கொண்டு தொலைவிலுள்ள ஊர்களை அடைந்துவிடும். 2019-ஆம் ஆண்டு ஜூன் 17 இரவு சிச்சுவானின் சாங்னிங் வட்டத்தில் 6.0 அளவில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள செங்டு நகரக் குடியிருப்புகளின் ஒலிபெருக்கிகள் அலை வந்து சேர இன்னும் எத்தனை நொடிகள் என்று எண்ணத் தொடங்கின. அறுபத்தொன்றிலிருந்து கீழ்நோக்கி எண்ணின. நடுக்கத்தின் வாயிலிலேயே இருந்த சாங்னிங் மக்களுக்கு எண்ணுவதற்கு நேரம் இல்லை.